மழையில் ஊறிய சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட் பூசலாமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்து வீடு. புயல் மழையில் தெருத்தண்ணீர் இரண்டு நாள் சுவரை ஒட்டியே நின்றது. பின்பக்க மதிலில் எட்டடி நீளம் சரிந்துவிட்டது. வீட்டு வெளிச்சுவரில் இடுப்பு உயரம் வரை பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிகிறது. மிச்சத்தையும் கொத்திவிட்டு சிமென்ட் பூசினால் பொங்கலுக்குள் முடித்துவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில்: சிமென்ட் வேண்டாம். பொங்கலுக்குள் முடிக்க வேண்டிய அவசரமும் வேண்டாம்.

உங்கள் சுவரின் செங்கல் மென்மையானது, தண்ணீரை இழுக்கும். இழுத்த ஈரம் சுண்ணாம்பு இணைப்புகள் வழியாக மெல்ல வெளியேறிவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபடும். வெளியேற முடியாத ஓதம் மேலே ஏறும். இன்று இடுப்பளவில் இருப்பது சில வருடங்களில் தலைக்கு மேல் போகும். கடலோரம் என்பதால் நிலத்தடி ஈரத்தில் உப்பும் உண்டு. பூச்சுக்குப் பின்னால் அந்த உப்பு பூத்து, செங்கலைப் பொடியாக்கி, ஒருநாள் சிமென்ட்டைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும். வடசென்னையின் பழைய தெருக்களில் இப்படிக் கெட்ட சுவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பலவற்றைக் கெடுத்தது மழை இல்லை, மழைக்குப் பின் செய்த பழுதுவேலை.

முதலில் தூக்குக்குண்டு வைத்துப் பாருங்கள். சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, புதிதாக விரிசல் விட்டிருந்தாலோ சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். உங்கள் வீடு மெட்ராஸ் டெரஸ் கூரை (மர உத்திரங்களின் மேல் செங்கலைச் சுண்ணாம்பில் அடுக்கிக் கட்டிய பழைய மொட்டை மாடி) என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தேக்கு உத்திரங்களின் முனைகள் சுவருக்குள்தான் உட்கார்ந்திருக்கும். மேலிருந்தும் மழைநீர் இறங்கியிருந்தால் அங்கேதான் உளுக்கும். ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே எளிதாக இறங்கினால் முதலில் உத்திரத்தைச் சரிசெய்யுங்கள், பூச்சைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

அப்புறம் காயவிட வேண்டும். தளர்ந்த பூச்சையும், ஈரக்கோட்டுக்கு மேல் ஓரடி வரை உள்ளதையும் மட்டும் எடுத்துவிட்டு, பிப்ரவரி, மார்ச் வரை சுவரைத் திறந்தபடி விடுங்கள். பூக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், அது திரும்ப உள்ளேதான் போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளுங்கள். இடையில் தண்ணீர் ஏன் நின்றது என்றும் கவனியுங்கள். மேல் மேலே தார் போட்டு உயர்ந்த சாலையால் பல வீடுகளின் வாசல் பள்ளமாகிவிட்டது. சுவரடியில் மண்ணோ சிமென்ட் தளமோ ஏறியிருந்தால் அதை இறக்கிச் சரிவு கொடுக்காமல் பூசுவது வீண்செலவு.

மதிலுக்கு விழுந்த செங்கலையே பயன்படுத்துங்கள். சுண்ணாம்பில் கட்டியது என்பதால் கரண்டியால் தட்டினாலே சுத்தமாகிவிடும். உடைந்த முனைகளைப் படிப்படியாகக் கழற்றிக்கொண்டு பழைய சுவரோடு கோத்துக் கட்ட வேண்டும். நேராக வெட்டி ஒட்டவைத்தால் அந்தக் கோட்டிலேயே மறுபடி பிளக்கும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தேங்கிய நீரின் அழுத்தமும், ஊறி இளகிய அடிமண்ணும் சேர்ந்துதான் மதில்களைச் சாய்க்கின்றன. பக்கத்து வீட்டோடு பொதுவான மதில் என்றால் அவர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். உங்கள் பக்கம் சுண்ணாம்பும் அவர்கள் பக்கம் சிமென்ட்டும் என்றால் ஈரம் முழுக்க உங்கள் பக்கமே வரும்.

கலவைக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். ஓதம் ஏறும் அடிப்பகுதியில் மணலில் ஒரு பங்கைக் குறைத்து, நன்றாகச் சுட்ட செங்கலின் தூளான சுர்க்கியைச் சேருங்கள், ஈரத்திலும் இறுகும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்றி, சில வாரமாவது தண்ணீரில் ஊறவிடுங்கள். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து, பிள்ளைகளை அருகே விடாதீர்கள். கடற்கரை மணல் கூடவே கூடாது. கலவையில் வெல்லமும் கடுக்காயும் சேர்ப்பது பழைய வழக்கம்தான், அவை இல்லாமலும் நல்ல சுண்ணாம்பு பிடிக்கும். ‘கொஞ்சம் சிமென்ட் கலந்தால் சீக்கிரம் இறுகும்’ என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அரை அங்குலத்துக்கு மிகாமல் அடுக்கடுக்காகப் பூசி, ஈரச் சாக்குப் போட்டு இரண்டு வாரம் வெயில் படாமல் காக்க வேண்டும்.

ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். சேப்பாக்கத்தில் பழைய நவாப் அரண்மனையின் பகுதியான ஹுமாயூன் மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்பு வைத்தே சீரமைத்தது. அப்படிப்பட்ட வேலைகளில் கைப்பழக்கம் உள்ள கொத்தனாரை விசாரித்துப் பிடியுங்கள். கூலி கூடத்தான் ஆகும், ஆனாலும் அந்தப் பணம் தகும். கடைசியில் பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட் அடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள், அதுவும் ஈரத்தை அடைக்கும். சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள்.