அமெரிக்காவுக்கு ஒண்ணும் ஆகல, நமக்கு மட்டும் என்ன?

கேள்வி: நடப்புக் கணக்குப் பற்றாக்குறை கொஞ்சம் ஏறினாலே டிவில பயமுறுத்துறாங்க. அமெரிக்காவுக்கு வருஷா வருஷம் பற்றாக்குறைதான், நல்லாத்தானே இருக்காங்க? (வாசகர், திருச்சி)

பதில்: நடப்புக் கணக்குப் பற்றாக்குறைன்னா, ஏற்றுமதி, வெளிநாட்டுல இருக்கவங்க அனுப்புற பணம் இதுல எல்லாம் உள்ள வர்றத விட, இறக்குமதி மாதிரி செலவுக்கு வெளிய போறது அதிகமா இருக்கிறது. இதுல அமெரிக்காவோட நம்மள ஒப்பிடாதீங்க. அவங்க கடன் டாலர்ல, அந்த டாலர அடிக்கிறதும் அவங்களே. நமக்கு கச்சா எண்ணெய் வாங்க டாலர் வேணும்னா சம்பாதிக்கணும், இல்ல கடன் வாங்கணும், இல்ல யாராவது முதலீடா கொண்டு வரணும்.

ஆனா சதவீதத்த மட்டும் பாத்து அலறுறதும் தப்புதான். 1990-91ல நம்ம பற்றாக்குறை ஜிடிபில சுமார் 3 சதவீதம், 2012-13ல 4.8 சதவீதம். தங்கத்த அடகு வெச்சது எப்போ? 3 சதவீதம் இருந்தப்போ! 1990ல இராக் அதிபர் சதாம் உசேன் குவைத்த பிடிச்சதும் எண்ணெய் விலை எகிறிடுச்சு, அங்க வேலை பாத்துட்டிருந்த நம்ம ஜனங்க லட்சத்துக்கு மேல கையில இருந்தத விட்டுட்டு ஊர் திரும்பினாங்க, அவங்க அனுப்பிட்டிருந்த பணமும் நின்னுச்சு, அதே நேரம் பாத்து என்ஆர்ஐ டெபாசிட்டும் வெளியேற ஆரம்பிச்சுது, குறுகிய காலக் கடன் குடுத்தவன் புதுப்பிக்க மாட்டேன்னுட்டான். 1991 ஜூன்ல நாட்டோட டாலர் கையிருப்பு சில வார இறக்குமதிக்குத்தான் தாங்கும். அடுத்த மாசம் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்த அடகுக்கு அனுப்புச்சு, ரூபாய் மதிப்பையும் ரெண்டு தவணையா குறைச்சாங்க. ஆக பள்ளம் எவ்ளோ பெருசுங்கறதோட, அத ரொப்புற பணம் எவ்ளோ சீக்கிரம் ஓடிப்போகும்ங்கறதையும் பாக்கணும்.

2013லயும் ஓடுச்சு. அமெரிக்க மத்திய வங்கி, கடன் பத்திரம் வாங்கி சந்தைல பணத்த விட்டுட்டிருந்தத குறைப்போம்னு வாய் தெறந்ததுமே இங்கருந்து பணம் கெளம்பி, ஆகஸ்ட்ல டாலர் 68 ரூபாய தாண்டிடுச்சு. ஆனா அப்போ கையிருப்பு 27,000 கோடி டாலருக்கு மேல இருந்ததால அடகுக்கடை வரைக்கும் போகல.

எனக்கு இன்னும் ஆறாத கோவம் ஒண்ணு இருக்கு. தங்க இறக்குமதிக்கும் டாலர்தான் போகுதுன்னு அந்த வருஷம் நிதியமைச்சரே தங்கம் வாங்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு, பழிய பொம்பளைங்க நகை மேல போட்டாங்க. விலைவாசி 10 சதவீதத்துகிட்ட ஏறிட்டிருந்தப்போ பேங்க்ல போட்ட காசு தேஞ்சுதான் போகும், அப்புறம் சனங்க தங்கத்துக்கு ஓடாம என்ன செய்வாங்க? விலைவாசிய அடக்க வேண்டியவங்க தங்கத்து மேல இறக்குமதி வரிய 10 சதவீதம் ஆக்கினாங்க, ஏர்போர்ட்ல தங்கக் கடத்தல்தான் பெருகுச்சு.