"சர்வீஸ் சார்ஜ் உட்பட 1,700 வெள்ளி": மகன் கையெழுத்திடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) முடித்து, ஹோட்டல் துறையில் சான்றிதழ் படிப்பும் முடித்துவிட்டான். பினாங்கு பத்து ஃபெரிங்கியில் ஒரு கடற்கரை ஹோட்டலில், உணவு பரிமாறும் வேலை கிடைத்திருக்கிறது. சர்வீஸ் சார்ஜ் உட்பட மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), முதல் மூன்று மாதம் சேமநிதி இல்லை, சீருடைக்கு 300 வெள்ளி முதல் சம்பளத்தில் பிடிக்கப்படும், வேலை நேரம் அட்டவணைப்படி என்று நியமனக் கடிதம் சொல்கிறது. நேர்முகத் தேர்வில் மண்டரின் தெரியுமா என்றும் கேட்டார்களாம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள் உறவினர்கள். கையெழுத்திடலாமா? (வாசகி, பட்டர்வொர்த், மலேசியா)

பதில்: உறவினர்கள் சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன், அம்மா. புதியவர், பழையவர் என்று குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆளைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2025 பிப்ரவரி 1 முதலும், சிறிய கடைகளில் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதலும் அது 1,700 வெள்ளி. முறையான பயிலாளி ஒப்பந்தத்தில் சேர்பவர்களின் நிலை வேறு. அந்த ஒப்பந்தம் எழுத்தில், ஆறு மாதம் முதல் 24 மாதம் வரையிலான பயிற்சிக்கு இருக்க வேண்டும். உங்கள் மகன் கையில் இருப்பது சாதாரண வேலைக் கடிதம்.

கடிதத்தில் என்னை உறுத்துவது "உட்பட" என்ற ஒரு சொல்தான். விருந்தினர் பில்லில் சேர்க்கும் பத்து விழுக்காட்டை மாதக் கடைசியில் ஒன்றுசேர்த்து, பதவிக்கு இத்தனை பாயின்ட் என்று பங்கு வைப்பது ஹோட்டல்களின் வழக்கம். பள்ளி விடுமுறை மாதத்தில் அந்தப் பங்கு பொங்கும், மழைக்காலத்தில் வற்றும். அடிப்படைச் சம்பளத்தை 1,200 என்று வைத்து, மீதி 500-ஐ இந்தப் பங்கிலிருந்து நிரப்பினால், கடலைப் பார்க்க யாரும் வராத மாதத்தின் நஷ்டம் பரிமாறுகிற பையன் தலையில் விழுகிறது. ஹோட்டல் தொழிலாளர் சங்கம் இந்தப் பிரச்சினையை நீதிமன்றம் வரை கொண்டு சென்றது. சர்வீஸ் சார்ஜைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்ப முடியாது என்று 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அடிப்படைச் சம்பளமே 1,700 ஆக இருக்க வேண்டும். பாயின்ட் பணம் அதற்கு மேல்.

சேமநிதி விஷயத்தில் தகுதிகாண் காலம் என்ற சாக்கு செல்லாது. முதல் மாதச் சம்பளத்திலிருந்தே கட்டியாக வேண்டும்: முதலாளி 13 விழுக்காடு, ஊழியர் 11. அதாவது 1,700-க்கு முதலாளியின் பங்கு மாதம் 221 வெள்ளி. மூன்று மாதத்தில் 663 வெள்ளி உங்கள் மகன் கணக்கில் சேராமலே போகும். சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதியும் அப்படியே. சூடான சூப்பைத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் ஓடுகிறவருக்குக் காப்புறுதி முதல் நாளிலிருந்து தேவை. சீருடைப் பிடித்தமும் தவறு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று பட்டியலிட்டிருக்கிறது. சீருடைக்கான பணம் அதில் இல்லை. உடைந்த கண்ணாடிக் குவளைக்குப் பிடித்தால் அதையும் கேள்வி கேட்கலாம்.

"அட்டவணைப்படி" என்பதை விரித்துக் கேளுங்கள். 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான். அதைவிட முக்கியம், ஒரே நாளின் வேலை தொடங்கியதிலிருந்து முடியும் வரை இடைவேளையும் சேர்த்துப் பத்து மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்பது பொது விதி. காலை 7 முதல் 11, மறுபடி மாலை 6 முதல் 10 என்று பிரித்துப் போட்டால் கணக்கில் எட்டு மணி நேரம்தான். ஆனால் பட்டர்வொர்த் பையன் இடையில் வீட்டுக்கு வந்து திரும்ப முடியாது. ஃபெரி, அப்புறம் 101 பஸ் என்று பாதி நாள் போய்விடும். பதினைந்து மணி நேரம் அவன் ஹோட்டலுக்குத்தான் கட்டுப்பட்டிருக்கிறான். கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு: 1,700-ஐ 26-ஆல் வகுத்து, எட்டால் வகுத்தால் மணிக்கு 8.17, ஒன்றரை மடங்கு 12.26 வெள்ளி.

மண்டரின் கேள்வி வழுக்கலானது. சீன விருந்தினரை வரவேற்கும் முகப்பில் அது வேலைக்கான திறமை. தட்டு கழுவவும் படுக்கை விரிக்கவும் அதே நிபந்தனை வைத்தால், அது ஆளை வடிகட்டும் சல்லடை என்றுதான் நான் நினைப்பேன். பாகுபாட்டுப் புகாரை விசாரிக்கத் தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநருக்கு அதே வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் அது ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறைப் பேசுகிறது. வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவரைப் பற்றிப் பேசவில்லை. இது பெரிய ஓட்டை. உங்கள் மகன் தேர்வாகிவிட்டதால் இதில் சண்டை வேண்டாம்.

நான் பல ஆண்டுகள் கோலாலம்பூரில் ஹோட்டல் மனிதவளப் பிரிவில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். கடிதத்தைத் திருத்தச் சொல்லும் பையனைப் பார்த்து அங்கே யாரும் ஆத்திரப்படுவதில்லை. பழைய கடிதத்தை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவதே பாதி இடங்களில் நடக்கிறது. மின்னஞ்சலில் நான்கு வரி போதும்: "வேலை கிடைத்ததில் மகிழ்ச்சி. அடிப்படைச் சம்பளம் 1,700 என்று சர்வீஸ் சார்ஜிலிருந்து தனியாகக் குறிப்பிட வேண்டுகிறேன். சேமநிதி, சொக்சோ முதல் மாதத்திலிருந்து உண்டு என்பதையும், சீருடைப் பிடித்தம் இல்லை என்பதையும் உறுதிப்படுத்துங்கள்." தொலைபேசியில் பேசி முடிக்க வேண்டாம், பதில் எழுத்தில் இருக்கட்டும்.

திருத்த மறுத்தால்? வேலை அவசரம் என்றால் கையெழுத்திடுவதில் உரிமை போய்விடாது. சட்டத்தைவிடக் குறைவான நிபந்தனை எழுதப்பட்டிருந்தாலும் அது செல்லாது என்கிறது வேலைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. குறைந்த பணத்தைப் பின்னர் தொழிலாளர் இலாகாவில் கோரலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. தகுதிகாண் காலத்தில் காரணமின்றி நீக்கினாலும் 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிடலாம்.

அதற்குத் தேவை காகிதம். சமையலறைக் கதவில் ஒட்டும் வார அட்டவணையைத் திங்கள்தோறும் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். இடையில் பேனாவால் அடித்து மாற்றினால், மாற்றியதையும்.