வீசிங் இருக்கற அம்மாவ ஊட்டி, குன்னூர் பக்கம் குடி வச்சா சரியாகுமா?

அம்பத்தூர்ல இருக்கோம், அம்மாவுக்கு ரொம்ப வருஷமா வீசிங், மலை ஊர்ல வச்சா தேவலைனு எல்லாரும் சொல்றாங்க, நீலகிரில வாடகைக்கு வீடு பாக்கலாமானு கேட்டிருக்கீங்க. பாக்கலாம்ங்க. ஆனா எந்த ஊர்ங்கறத விட, அந்த வீடு சரிவுல இருக்கா பள்ளத்துல இருக்காங்கறது தான் பெரிய விஷயம், அத யாரும் சொல்லித் தர மாட்டாங்க. நான் குன்னூர் பக்கத்துல தான் இருக்கேன், எங்க அத்தைக்கும் (மாமியார் தான்) இதே தொந்தரவு, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன், பொறுமையா படிங்க.

மேல போனா காத்து சுத்தம்னு நினைக்கறோம்ல, அது பாதி நாளைக்கு நிஜம். டிசம்பர் ஜனவரி ராத்திரில வானம் துடைச்ச மாதிரி தெளிஞ்சு கிடக்கும், காத்தே இருக்காது, நிலம் சூட்ட விட்டுட்டு சில்லுனு ஆயிடும், அத ஒட்டி இருக்கற காத்தும் குளிர்ந்து கனமாகி சரிவுல அப்படியே இறங்கி வந்து பள்ளத்துல தேங்கிடும். அதுக்கு மேல இருக்கற காத்து இத விட வெதுவெதுப்பா இருக்கும். சாதாரணமா மேல போகப் போக தானே குளிரும், இங்க தலைகீழா ஆயிடுது, சட்டிக்கு மூடி போட்ட கதை தான், கீழ போடற புகை எதுவும் மேல ஏறாது. சாயங்காலம் விறகு அடுப்பு, வெந்நீர் அடுப்பு, குப்பைய கூட்டி தீ வச்சு குளிர் காயறது, டீ ஃபேக்டரி விறகு புகை, பஸ் ஸ்டாண்ட் டீசல் புகை, எல்லாம் அந்த மூடிக்கு அடில தான் நிக்கும்.

இத கண்ணால பாக்கணும்னா காலைல ஆறரை மணிக்கு ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவுல இருக்கற கேத்தி பள்ளத்தாக்க மேல ரோட்ல இருந்து பாருங்க. ஃபேக்டரி சிம்னில இருந்து புகை நேரா கொஞ்ச தூரம் ஏறும், ஒரு உயரம் வந்ததும் டக்குனு நின்னு படுத்துக்கும், படுத்து அப்படியே பள்ளத்தாக்கோட நீளத்துக்கு ஒரு நீலக் கோடா போகும். டூரிஸ்ட் எல்லாம் அத மிஸ்ட்னு போட்டோ எடுப்பாங்க. மிஸ்ட் வெள்ளையா ஈரமா இருக்கும், இது லேசா நீலமா கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கட்டை எரியற வாசனையோட இருக்கும், பழகினா வித்தியாசம் ஈஸியா தெரிஞ்சிடும்.

வெயில் வந்ததும் சரியாயிடும்னு நினைப்பீங்க. ஆகும், ஆனா நடுவுல ஒரு மணி நேரம் மோசம். எட்டு எட்டரைக்கு வெயில் பட்டு தரை சூடாகி காத்து கலங்க ஆரம்பிக்கும்போது, மேல படுத்திருந்த புகையும் சேர்ந்து கலங்கி தரைக்கு இறங்கும். புள்ளைங்க ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கற நேரம் அது. எங்க அத்தை மங்கி குல்லா போட்டுட்டு அந்த நேரத்துல தான் வாக்கிங் போவாங்க, டாக்டர் நடக்க சொன்னார்னு. வந்து உக்காந்ததும் இழுப்பு. இப்போ பத்தரைக்கு மேல தான் விடறோம், அதுக்கே வீட்ல ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு.

சும்மா பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க, பள்ளத்தாக்குல புகை மாட்டிக்கிட்டு ஆள் செத்த கதை உலகத்துல நிஜமா இருக்கு. பெல்ஜியத்துல மியூஸ் பள்ளத்தாக்குல 1930 டிசம்பர்ல 60 பேருக்கு மேல போனாங்க. அமெரிக்கால டொனோராங்கற சின்ன ஊர்ல 1948 அக்டோபர் கடைசில துத்தநாக ஆலை, எஃகு ஆலை புகை அஞ்சு நாள் நகராம நின்னு 20 பேர் இறந்தாங்க, ஆயிரக்கணக்குல மூச்சு முட்டி படுத்தாங்க, 31ஆம் தேதி மழை பெஞ்சு தான் கலைஞ்சுது. நம்ம ஊர்ல அந்த மாதிரி ஆலை எல்லாம் இல்ல, அளவு எங்கயோ கம்மி, ஆனா பள்ளமும் குளிர் காத்தும் பண்ற வேலை அதே தான்.

சரி, வீடு பாக்க வர்றவங்களுக்கு ஒரு ஈஸியான வழி. உறைபனி எங்க விழுதுனு அக்கம்பக்கத்துல விசாரிங்க. ஊட்டில தலைகுந்தா, காந்தல், ரேஸ்கோர்ஸ் மைதானம், இங்கல்லாம் புல் வெள்ளையா உறைஞ்சு கிடக்கற போட்டோ வருஷா வருஷம் பேப்பர்ல வரும், அதே ராத்திரி மேல சரிவுல இருக்கற வீட்ல ஒண்ணும் இருக்காது. குளிர் காத்து தேங்கற இடத்துல தான் உறைபனியும் விழும், புகையும் அங்கயே தான் தங்கும். தேயிலை, காய்கறி போடறவங்களுக்கு எந்த வயல்ல பனி கருக்கும்னு அத்துப்படி, ஏஜென்ட்ட கேக்கறத விட அவங்கள கேளுங்க.

மதியத்துக்கு மேல கதை வேற. மார்ச் ஏப்ரல்ல கோயமுத்தூர், மேட்டுப்பாளையம் பக்கம் வெயில்ல கொதிக்கும்போது அங்கத்த காத்து தூசியோட சேர்ந்து ரெண்டு கிலோமீட்டர், அதுக்கும் மேலயே எழும்பும், சூடான சரிவு வழியாவும் காத்து மேல ஏறும். குன்னூர் 1850 மீட்டர் தான், ஊட்டி 2240. குன்னூர்ல லேம்ப்ஸ் ராக்ங்கற வியூ பாயிண்ட்ல காலைல நின்னா கீழ மேட்டுப்பாளையம் பளிச்சுனு தெரியும், மதியம் ரெண்டு மணிக்கு அதே இடத்துல நின்னா பழுப்பா ஒரு திரை, கீழ ஊரே தெரியாது. அந்த திரைல கொஞ்சம் நம்ம மூக்குக்கும் வரும். இதோட காட்டுத்தீ சீசனும் அதே மாசம் தான், 2024 மார்ச்ல குன்னூர் பக்கம் எரிஞ்சப்போ ஏர்ஃபோர்ஸ் ஹெலிகாப்டர் வந்து தண்ணி ஊத்துச்சே, அந்த வாரம் அத்தைய வெளிலயே விடல.

தூசினு பொதுவா சொல்றோம், அதுல ஆபத்து கண்ணுக்கு தெரியாத சைஸ் தான். பி.எம். 2.5னு சொல்றது 2.5 மைக்ரோமீட்டரும் அதுக்கு கீழயும், தலைமுடி தடிமன்ல இருபதுல ஒரு பங்கு கூட வராது. பெருசு மூக்குலயும் தொண்டைலயும் நின்னு சளியா வந்துடும், இது நுரையீரல் கடைசி காத்துப் பை வரைக்கும் போயிடும், ரொம்ப பொடிசு ரத்தத்துலயே கலந்துடும். அதனால தான் வீசிங் மட்டும் இல்லாம ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் எல்லாத்தையும் இதோட சேர்த்து பேசறாங்க. உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2013லயே இத புற்றுநோய் உண்டாக்கற லிஸ்ட்ல முதல் வகைல சேர்த்துடுச்சு. விறகு புகையும் இதே பொடிசு தான், இயற்கை புகை ஒண்ணும் பண்ணாதுனு பெரியவங்க சொல்றத மட்டும் நம்பாதீங்க.

போன்ல ஏக்யூஐ (காத்து எவ்வளவு சுத்தம்னு காட்டற நம்பர்) பாத்துட்டு பச்சை கலர் இருக்கே போதும்னு இருக்காதீங்க. நம்ம நாட்டு கணக்குல ஒரு நாள் சராசரி பி.எம். 2.5 வந்து ஒரு கன மீட்டர் காத்துக்கு 30 மைக்ரோகிராம் வரைக்கும் 'நல்லது', உலக சுகாதார அமைப்பு 2021ல சொன்ன ஒரு நாள் அளவு 15 தான். தூசி அளக்கற சின்ன மீட்டர் வாங்கி வீட்ல வச்சுக்கலாம், எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, ஆனா மேகம் வீட்டுக்குள்ள இறங்கற நாள்ல அத பாக்காதீங்க, ஈரத்துல தூசி ஊதிக்கும், பனித்துளியையும் தூசினு எண்ணிட்டு நம்பர் எங்கயோ போய் நிக்கும். காஞ்ச நாள் ரீடிங் மட்டும் நம்பலாம்.

மழைக்காலம் தான் காத்துக்கு பெஸ்ட். ஜூன் ஜூலைல மேற்க இருந்து காத்து பிச்சுட்டு அடிக்கும், எதையும் நிக்க விடாது, மழை பெரிய தூசிய நல்லா கழுவிடும் (பொடிச அவ்வளவா கழுவாது, அத காத்து தான் கொண்டு போகணும்). ஆனா உங்க அம்மாவுக்கு அந்த மாசங்கள் தான் டேஞ்சர் ஆகலாம். ஏன்னா சுவர்ல ஓதம், பீரோக்கு பின்னாடி பூஞ்சை, கம்பளி எல்லாம் ஒரு நாத்தம், துணி காயவே காயாது. பூஞ்சை வீசிங்க கிளப்பி விடும், புகைக்கு அது கொஞ்சமும் இளைச்சது இல்ல. சில்லுனு இருக்கற காத்தே சில பேருக்கு மூச்சுக்குழாய இறுக்கிடும். வீடு பாக்கும்போது கீழ் சுவர்ல மட்டும் புது பெயின்ட் அடிச்சிருந்தா, ஓதத்த மறைக்கறாங்களோனு சந்தேகப்படுங்க.

ரோடு பக்கம் வீடு வேண்டாம். சீசன்ல வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் எல்லாம் 2024ல இருந்து வந்தும் மே மாசம் மேட்டுப்பாளையம் ரோட்ல வண்டி நகராது, மேல ஏறறது செகண்ட் கியர்ல புகை விட்டுட்டு, கீழ இறங்கறது பிரேக் காஞ்ச வாசனையோட, அந்த பிரேக் பொடியும் தூசி கணக்கு தான்.

ஒண்ணு மறக்காம பண்ணுங்க, வர்றதுக்கு முன்னாடி நெஞ்சு டாக்டர்ட்ட உயரத்த சொல்லி கேளுங்க. ஊட்டி உயரத்துல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல முக்கால் பங்கு சொச்சம் தான், ஒவ்வொரு மூச்சுக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்கு குறையும். வெறும் ஆஸ்துமானா பெரும்பாலும் சமாளிச்சுக்கலாம், சிஓபிடியோ (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) ஹார்ட் பிரச்சனையோ சேர்ந்திருந்தா கதை வேற. அப்புறம் குளிருதுனு கரி அடுப்ப ரூம்குள்ள வச்சு கதவ சாத்தற பழக்கம் இங்க வர்றவங்க நிறைய பேருக்கு இருக்கு, அது தூசி விஷயமே இல்ல, கார்பன் மோனாக்சைடு, தூக்கத்துலயே ஆள காலி பண்ணிடும். எலக்ட்ரிக் ஹீட்டர் வாங்கிக்கோங்க.

ஏஜென்ட் எப்பவும் பதினொரு மணிக்கு மேல, வெயில் நல்லா அடிக்கும்போது தான் வீடு காட்டுவாங்க. நீங்க முன்னாடி நாளே வந்து தங்கி காலைல ஏழு மணிக்கு அந்த தெருவுல நின்னு மூச்சு இழுத்து பாருங்க. புடிச்சிருந்தா அட்வான்ஸ் கொடுக்காம ஜனவரில ஒரு மாசம், ஜூலைல ஒரு மாசம்னு ஹோம்ஸ்டேலயோ தெரிஞ்சவங்க வீட்லயோ அம்மாவ வச்சு பாருங்க, இன்ஹேலர் எத்தனை தடவை எடுக்கறாங்கனு காலண்டர்ல குறிச்சு வைங்க, அம்பத்தூர் மாசத்தோட ஒப்பிட்டு பாத்துட்டு அப்புறம் வீடு புடிங்க.