மனுதான் தள்ளுபடி

கேள்வி: சென்ற இதழில் இந்திய வெளியுறவுப் பணி அதிகாரி சி.பி. முத்தம்மாவை முன்னோடி என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு முன்பே விஜயலட்சுமி பண்டிட் மாஸ்கோவுக்குத் தூதராகப் போய்விட்டார். முத்தம்மா போட்ட வழக்கையும் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. போதாததற்கு, அவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். கல்யாணமான பெண்களைப் பற்றிய விதியோடு அவருக்கு என்ன வழக்கு? தோற்ற வழக்கைச் சாதனை என்று சொல்லலாமா? (தென்காசி வாசகர் ஒருவர்)

பதில்: நீங்கள் சொன்ன செய்திகள் மூன்றும் சரி. அவற்றை வைத்து நீங்கள் வந்து சேர்ந்த இடம்தான் சரியில்லை.

முதலில் பண்டிட். 1947-ல் மாஸ்கோ, அடுத்து வாஷிங்டன், 1953-ல் ஐ.நா. பொதுச்சபையின் தலைவர் பதவி. அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண்மணி அவர்தான். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர், 1937-லேயே ஐக்கிய மாகாணத்தில் அமைச்சராக இருந்தவர். அவருடைய தகுதியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அவர் பிரதமர் நேரடியாகத் தேர்ந்தெடுத்து அனுப்பிய தூதர்; பிரதமரின் தங்கையும்கூட. முத்தம்மா தேர்வு எழுதி உள்ளே வந்தவர். அடிமட்டத்திலிருந்து படிப்படியாக ஏறித் தூதரானவர். அந்த வழியில் இந்தியாவில் அவருக்கு முன் எந்தப் பெண்ணும் போனதில்லை.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பண்டிட் மூன்று மகள்களின் தாய். அவரை மாஸ்கோவுக்கு அனுப்பியபோது, குடும்பப் பொறுப்பு தூதரக வேலைக்குத் தடையாகும் என்று அரசு நினைக்கவில்லை. இரண்டே ஆண்டு கழித்து, 1949-ல், அதே அரசின் வெளியுறவுப் பணியில் சேர வந்த இருபத்தைந்து வயது முத்தம்மாவிடம் ஓர் உறுதிமொழி எழுதி வாங்கினார்கள்: கல்யாணம் செய்துகொண்டால் வேலையை ராஜினாமா செய்துவிடுவேன் என்று. பெண்ணால் தூதர் வேலை பார்க்க முடியுமா என்ற சந்தேகம் பண்டிட்டோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. ஒருவரை விதிவிலக்காக உயர்த்தி வைப்பது எளிது, விதியைத் திருத்துவதுதான் கடினம். முத்தம்மா கைவைத்தது விதியில்.

அவருடைய கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 1924-ல் குடகு நாட்டு விராஜ்பேட்டையில் பிறந்தவர். அப்பா வனத்துறை அதிகாரி. முத்தம்மாவுக்கு ஒன்பது வயதானபோது இறந்துவிட்டார். நான்கு பிள்ளைகளையும் படிக்கவைத்து ஆளாக்கியது அம்மா. மடிக்கேரியில் பள்ளிப் படிப்பு. பிறகு நம் சென்னை: பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம், மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கிய எம்.ஏ. 1948-ல் மத்திய அரசின் குடிமைப் பணித் தேர்வில் வென்றார். அந்தத் தேர்வில் வென்ற முதல் பெண் அவர்.

அடுத்து நேர்முகத் தேர்வு. அங்கே நடந்ததை முப்பது ஆண்டு கழித்துத் தன் மனுவில் அவரே எழுதியிருக்கிறார். வெளியுறவுப் பணி வேண்டாம் என்று தேர்வாணையத் தலைவர் அவருடைய மனத்தை மாற்றப் பார்த்தாராம். அவர் அசையவில்லை. பிற்பாடு ஒருமுறை அந்தத் தலைவரே, ‘நேர்முகத்தில் உனக்கு மிகக் குறைந்த மதிப்பெண் கிடைக்கும்படி என் செல்வாக்கைப் பயன்படுத்தினேன்’ என்ற பொருளில் முத்தம்மாவிடம் நேரிலேயே சொன்னாராம். இதை முதலில் படித்த அன்று எனக்கு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. மதிப்பெண்ணைக் குறைத்ததைவிட, அதை அந்தப் பெண்ணிடமே சொல்ல அவருக்குக் கூச்சம் வரவில்லையே, அதுதான் என்னை உறுத்தியது. தவறு செய்கிறோம் என்றுகூட அவர்களுக்குத் தோன்றாத காலம் அது.

குறைத்தும் அவர் தேறினார். பாரிஸ், ரங்கூன், லண்டன் என்று வெளிநாட்டு வேலை. இடையே டெல்லியில் அமைச்சக வேலை. 1970-ல் ஹங்கேரிக்குத் தூதர். பிறகு கானா, அதன்பின் நெதர்லாந்து.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன்: தள்ளுபடியான வழக்கு.

எழுபதுகளின் இறுதியில் வெளியுறவுப் பணியின் மேல்நிலையான முதல் கிரேடுக்கு முத்தம்மாவின் பதவி உயர்வு மறுக்கப்பட்டது. அவருக்கு இளையவர்கள் முன்னே போனார்கள். தகுதி போதாது என்றது அரசு. பணியில் இருந்துகொண்டே, தன் அமைச்சகத்தை எதிர்த்து, நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். சம்பளம் தரும் அரசின் மேல் ஒரு தூதர் வழக்குப் போடுவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த நியமனம், மேலதிகாரியின் ரகசியக் குறிப்பு, ஓய்வுக்கு முன்னால் மிச்சமிருக்கும் இரண்டு மூன்று ஆண்டுகள், எல்லாமே அந்த அமைச்சகத்தின் கையில்.

வழக்கு நிலுவையில் இருந்தபோதே அரசு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. அப்புறம் நீதிமன்றத்தில் சொலிசிட்டர் ஜெனரல் சோலி சொராப்ஜி, கல்யாணமான பெண்கள் பற்றி மனுவில் அவர் எதிர்த்த விதிகளில் ஒன்று 1973-லேயே நீக்கப்பட்டது, இன்னொன்றையும் நீக்கப்போகிறோம் என்று தெரிவித்தார். கேட்ட பதவி கைக்கு வந்துவிட்டது, விதியும் போகப்போகிறது. ஆகவே உத்தரவு போட மனுவில் மிச்சம் ஒன்றும் இல்லை. 1979 செப்டம்பர் 17-ம் தேதி நீதிபதிகள் வி.ஆர். கிருஷ்ண ஐயரும் பி.என். சிங்கலும் மனுவைத் தள்ளுபடி செய்தது இப்படித்தான். எதிராளி கடனைத் திருப்பிக் கொடுத்ததால் முடிந்துபோன வழக்கைத் தோற்ற வழக்கு என்று யாராவது சொல்வார்களா? தள்ளுபடி என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு தீர்ப்பை விட்டுவிட்டீர்கள்.

கிருஷ்ண ஐயர் எழுதிய வரியே இருக்கிறது: மனுவைத்தான் தள்ளுபடி செய்கிறோம், பிரச்சினையை அல்ல.

அந்த விதிகளையும் பார்த்துவிடுங்கள். 1961-ல் வகுத்தவை. நடத்தை விதி 8(2): பெண் அதிகாரி கல்யாணத்துக்கு முன் அரசிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும், குடும்பப் பொறுப்பு வேலையைப் பாதிக்கும் என்று அரசுக்குத் தோன்றினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். பாதித்தால் என்றுகூட இல்லை. பாதிக்கும் என்று தோன்றினாலே போதும். நியமன விதி 18(4): கல்யாணமான பெண் எவரும் இந்தப் பணியில் சேர்வதை உரிமையாகக் கோர முடியாது. சமத்துவத்தைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 14, 15, 16-ம் பிரிவுகள் நடைமுறைக்கு வந்து பதினொரு ஆண்டுக்குப் பிறகு உட்கார்ந்து எழுதிய விதிகள் இவை. வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்று தப்பித்துக்கொள்ள முடியாது.

பெண் கல்யாணம் செய்வதில் அரசுக்கு ஆபத்து உண்டென்றால், ஆண் கல்யாணம் செய்வதிலும் அதே ஆபத்து இருக்கிறதே என்று தீர்ப்பு கேட்டது. குடும்பப் பொறுப்பு ஆணின் வேலைக்கும் குறுக்கே வரலாமே என்றது. மனுவில் சொன்னவற்றில் ஒரு சிறு பகுதி உண்மையாக இருந்தாலும் அமைச்சகத்தின் மனநிலையே அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று எச்சரித்தது. இடைப்பட்ட மாதங்களில் முன்னே போன இளையவர்களோடு ஒப்பிட்டு முத்தம்மாவின் பணிமூப்பை மறுபரிசீலனை செய்யும்படியும் சொன்னது. கடைசியில், பணி விதிகள் அனைத்தையும் பாலினப் பாகுபாட்டின் கறை நீங்கத் திருத்த வேண்டும், ஒவ்வொன்றுக்கும் யாராவது ரிட் மனு போடட்டும் என்று காத்திருக்கக்கூடாது என்று அரசிடம் வலியுறுத்தியது.

அந்தத் தீர்ப்பில் எனக்குக் குறையும் தெரிகிறது. எல்லா வேலையிலும் எல்லாச் சூழலிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று பொதுவாக அறுதியிட்டுவிட மாட்டோம், சில வேலைகளின் தன்மை வேறுபாட்டைக் கோரலாம் என்று ஒரு பத்தி இருக்கிறது. வேறுபாட்டுக்கான காரணத்தை வெளிப்படையாகக் காட்ட முடிந்தால்தான் அது செல்லும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். என்றாலும் கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை. 1981-ல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில், முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற விதியை அதே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்யக்கூடாது என்ற விதியை நியாயம் என்று ஏற்றுக்கொண்டது. முத்தம்மா தீர்ப்பு வந்து இரண்டே ஆண்டில்!

மூன்றாவது கேள்வி: கல்யாணமே செய்துகொள்ளாதவருக்கு அந்த விதியோடு என்ன வழக்கு? இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த உறுதிமொழிக்குப் பிறகு அவர் எடுத்த ஒவ்வொரு சொந்த முடிவுக்கும் மேலே அந்தத் தாள் இருந்தது. அவர் ஏன் தனியாக வாழ்ந்தார் என்று ஆராய்வது என் வேலையும் இல்லை, உங்கள் வேலையும் இல்லை. ஆனால் கல்யாணமா வேலையா என்று கூட வேலை பார்த்த ஆண்களில் ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை. வழக்குப் போட்டபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 8(2) போவதால் அவருக்கு நேரடி லாபம் கிடையாது. அந்த விதியால் இனி வீட்டுக்கு அனுப்பப்படக்கூடியவர்கள் அவருக்குப் பின்னால் வந்த பெண்கள். தனக்குப் பதவி மட்டும் கேட்டிருந்தாலும் மனு நின்றிருக்கும். விதிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார், அதற்காகத்தான் முன்னோடி என்று எழுதினேன்.

1982-ல் ஓய்வு பெற்றார். ஸ்வீடன் தலைவர் ஓலோஃப் பால்மே அமைத்த ஆயுதக் குறைப்புக் குழுவில் இந்தியாவிலிருந்து இடம்பெற்றார். குடகு சமையல் பற்றிய நூலொன்றிலும் அவர் பெயர் இருக்கிறது. 2001-ல் சோகிலா ஐயர் நாட்டின் முதல் பெண் வெளியுறவுச் செயலரானார். 2009 அக்டோபர் 14 அன்று பெங்களூரில் முத்தம்மா காலமானபோது, அந்த நாற்காலியில் நிருபமா ராவ் இருந்தார்.

பிரச்சினையைத் தள்ளுபடி செய்யவில்லை என்று கிருஷ்ண ஐயர் எழுதியது எவ்வளவு சரி என்பதற்கு இன்னொரு வழக்கைச் சொல்கிறேன். ராணுவச் செவிலியர் பணியில் இருந்த ஒரு பெண் அதிகாரியை, கல்யாணம் செய்துகொண்டார் என்பதற்காக, 1988-ல் வேலையிலிருந்து அனுப்பினார்கள். முத்தம்மா தீர்ப்பு வந்து அப்போது ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது. அவர் விடாமல் வழக்காடினார். அவரை நீக்கியது தவறு, 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 பிப்ரவரியில்.