இன்றைய கிரேக்கர்களுக்குப் பழைய கிரேக்கம் புரியுமா? இரண்டும் ஒரே மொழியா?

நீங்களும் என்னைப் போலப் புதிய ஏற்பாட்டுக்காகக் கிரேக்கம் படித்துவிட்டு, அதை வைத்து ஏதென்ஸில் சமாளித்துவிடலாம் என்ற தைரியத்தில்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மொழி ஒன்றுதான். ஆனால் அதை நம்பிக் கடைக்குப் போய்விடாதீர்கள்.

நான் போனேன். இறையியல் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவன், வினைச்சொல் அட்டவணையைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஏதென்ஸில் இறங்கிய முதல் வாரம் ரொட்டியிலேயே ஓடியது, ஏனென்றால் ஊரிலிருந்து வரவேண்டிய உதவித்தொகை வரவில்லை. (மூன்று மாதம் கழித்து வந்தது, அதிலும் ஏதோ பிடித்தம். எப்போது கேட்டாலும் "ஃபைல் மேலே போயிருக்கு பிரதர்" என்ற ஒரே பதில். அந்த மேலே எங்கே இருக்கிறதோ.) சரி, கடைக்கு வருகிறேன். பலகையில் 'ஆர்ட்டோ' என்று தொடங்கும் பெயர். பரமண்டல ஜெபத்தில் வரும் அதே ஆர்ட்டோஸ், அப்பம்! உள்ளே போய், இரண்டாம் வேற்றுமை பிசகாமல் "ஆர்ட்டோன்" என்றேன். கல்லாவில் இருந்த பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்து, பாதிரியாரா என்று கேட்டார்.

இன்று ரொட்டி 'ப்ஸோமி'. ஆர்ட்டோஸ் கோயிலுக்கும் கடைப் பலகைக்கும் போய்விட்டது. தண்ணீர் கதையும் அப்படித்தான். பழைய 'ஹுடோர்' போய் 'நெரோ' வந்துவிட்டது, ஆனால் நெரோவும் பழைய சரக்குதான்: 'புதிய தண்ணீர்' என்ற தொடரில் தண்ணீரை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிளம்பரைக் குறிக்கும் 'இத்ராவ்லிகோஸ்' போன்ற சொற்களில் பழைய தண்ணீர் இன்னும் ஓடுகிறது.

என் உச்சரிப்பும் அவர்களுக்கு வேடிக்கை. கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1528இல் எழுதிய நூலின் வழி வந்த உச்சரிப்பு. தப்பென்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். பழைய நாடகக் கவி கிராட்டினோஸ் ஆடு கத்துவதை எழுதிய எழுத்துகளைக் கல்லூரி முறையில் படித்தால் 'பே பே', இன்றைய முறையில் படித்தால் 'வீ வீ' என்று வரும். எந்த ஆடு அப்படிக் கத்தும்? பல உயிரொலிகள் தேய்ந்து 'இ' ஆகிவிட்டன. 'நாங்கள்', 'நீங்கள்' இரண்டுமே 'இமீஸ்' என்று ஒலிக்கும் நிலை வந்ததும், வேறு வழியில்லாமல் 'எமீஸ்', 'எஸீஸ்' என்று பிரித்துக்கொண்டார்கள். நான்காம் வேற்றுமையே வழக்கொழிந்துவிட்டது, 'எங்களுக்கு' என்பதற்கும் 'எங்களுடைய'தான்.

இதெல்லாம் அமைதியாக நடந்துவிடவில்லை. படித்தவர்கள் பழமை பூசிய 'கதரேவுசா'வை எழுத, ஜனங்கள் வேறு கிரேக்கம் பேசினார்கள். 1901இல் நற்செய்தி நூலைப் பேச்சுமொழியில் பெயர்த்துப் பத்திரிகையில் போட்டதற்கு ஏதென்ஸில் கலவரமாகி எட்டுப் பேர் செத்தார்கள். பேச்சுமொழி அரசு மொழியானது 1976இல்தான். "தமிழும் இப்படித்தானே, ஏன் அதைச் சொல்லவில்லை?" என்று கருத்துப் பகுதிக்கு வரப்போகிறவர்களுக்கு: நான் மொழியியலாளன் இல்லை, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

புரியுமா என்றால், நற்செய்தி ஓரளவு புரிகிறது, ஹோமரின் காவியங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். கிளம்புவதற்கு முன் அந்தப் பாட்டியிடம் பரமண்டல ஜெபத்தைச் சொல்லச் சொன்னேன். பழைய கிரேக்கத்திலேயே, ஆர்ட்டோன், 'எங்களுக்கு' எல்லாம் விடாமல், ஒரே மூச்சில் சொன்னார். சொல்லி முடித்ததும், ப்ஸோமி ஒன்றா இரண்டா என்று கேட்டார்.