985 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரே நாளில் முடியாது

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "செந்நண்டுகள் கூட்டமாகக் கடலுக்கு இறங்குவதைப் பார்க்க, நவம்பரில் மனைவியோடு கிறிஸ்துமஸ் தீவுக்குப் போகிறேன். அப்படியே கோகோஸ் தீவையும் பார்த்துவிட ஆசை. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே 985 கிலோமீட்டர், 1 மணி 10 நிமிடம் என்று இணையத்தில் காட்டுகிறது. காலையில் போய் மாலையில் திரும்ப முடியுமா?"

முடியாதுங்க. இரண்டும் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ஆஸ்திரேலியத் தீவுகள். தூரம் சரிதான்; நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதேதான் வருகிறது. நேரத்தில்தான் கோளாறு. மணிக்கு 830 கிலோமீட்டர் என்ற வேகத்தால் தூரத்தை வகுத்து அந்த விடையைத் தருகிறார்கள். விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, மெல்ல இறங்குவது எல்லாம் அதில் இல்லை. ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரமும் குழப்பும். கிறிஸ்துமஸ் தீவு நம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால், கோகோஸ் ஒன்றரை மணி நேரம் பின்னால். பகல் 1 மணிக்குப் புறப்பட்டால் கோகோஸில் 2 மணிக்கு இறங்குவீர்கள். திரும்பும்போது 3 மணிக்குக் கிளம்பினால் 5 ஆகிவிடும். பறக்கும் நேரம் என்னவோ ஒன்றுதான்.

சரி, அப்புறம் ஏன் முடியாது? விமானம் தினமும் இல்லை. வாரத்தில் சில நாட்கள் மட்டும், அதுவும் பெர்த்திலிருந்து வருகிறது. ஒரு தீவில் இறங்கினால் அடுத்த விமானம் வரும்வரை அங்கேதான் இருக்க வேண்டும். சாங்கியிலிருந்து கிறிஸ்துமஸ் தீவு நேர்கோட்டில் 1,325 கிலோமீட்டர்தான். பெர்த் வழியாகப் போனால் ஏறத்தாழ 6,500. கோகோஸ் 1955 வரையிலும் கிறிஸ்துமஸ் தீவு 1958 வரையிலும் சிங்கப்பூரிலிருந்து நிர்வகிக்கப்பட்டவை. இன்று அங்கே போவதற்குத் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு வருத்தம்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கிறிஸ்துமஸ் தீவின் ஓடுபாதை கடற்கரையில் இல்லை, சுமார் 280 மீட்டர் உயரத்தில், மேட்டுநிலத்தின் மேல் இருக்கிறது. கீழே கடல் வெயிலில் மின்னிக்கொண்டிருக்கும். மேலே ஓடுபாதையை மேகம் போர்த்தியிருக்கும். விமானி வட்டமிட்டுப் பார்ப்பார், பாதை தெரியாவிட்டால் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார். பக்கத்தில் இருக்கும் பெரிய நிலையம் ஜகார்த்தா, அதுவே 490 கிலோமீட்டர். நண்டுகளைக் காட்டிலிருந்து கிளப்பும் அதே மழைதான் விமானத்தை இறங்கவிடாமலும் செய்கிறது. அதனால் பெர்த்திலிருந்து சிங்கப்பூர் திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் இது கட்டாயம்.

தேதியைப் பள்ளி விடுமுறை பார்த்துக் குறிக்காதீர்கள், நிலாவைப் பார்த்துக் குறியுங்கள். நண்டுகள் முட்டையிடுவது தேய்பிறையின் பாதியில், விடிவதற்கு முன், கடல் வற்றத் தொடங்கும் நேரத்தில். மழை தாமதமானால் அடுத்த மாதத் தேய்பிறைக்குத் தள்ளிப்போகும். ஆகவே முதலில் நண்டுத் தீவு, கடைசி நாட்கள் கோகோஸ். அங்கே ஓடுபாதை கடல்மட்டத்துக்கு மேல் மூன்று மீட்டர்தான். மேட்டுநில மேகத்தின் தொல்லை அங்கு இல்லை.