மைனஸ் 10இல் விளையாட விடலாமா? வாசகர் கேள்விகள்

மகனுக்கு 6 வயது. பனி கொட்டத் தொடங்கினால் மார்ச் வரை பள்ளிக்கூடமும் ஐபாடும்தான். வெளியே விட்டாலும் ஐந்து நிமிடத்தில் அழுதுகொண்டு உள்ளே வந்துவிடுகிறான். என்ன செய்யலாம்? – கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய்

அடுத்த முறை அவன் உள்ளே வந்ததும் கையுறையைக் கழற்றிப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் அழுகைக்குக் காரணம் அதுதான். பிள்ளைகளைப் பெரும்பாலும் விரட்டுவது குளிர் அல்ல, ஈரம். பின்னல் கையுறை பனியைத் தொட்ட சில நிமிடங்களிலேயே நனைந்து, கைச்சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இந்த வயதுக்கு ஐந்து விரல் கிளவுஸ் வேண்டாம். நான்கு விரல்களும் ஒன்றாகக் கிடக்கும் மிற்றன் வாங்குங்கள். விரல்கள் ஒன்றையொன்று சூடாக வைத்திருக்கும். வெளிப்புறம் தண்ணீர் புகாததாகவும், கைப்பகுதி மணிக்கட்டைத் தாண்டி நீண்டதாகவும் இருக்கட்டும். ஒரு சோடி காயும்போது போட இன்னொரு சோடி தேவை.

உடம்போடு ஒட்டும் உடுப்பு பருத்தியாக இருக்கக் கூடாது. ஊரில் பருத்தி நல்லதென்று சொல்வது அது வியர்வையைக் குடிப்பதால். இங்கே அதே குணம்தான் கெடுதல்: குடித்த வியர்வையை விடாமல் வைத்திருந்து, பிள்ளை ஓடி நின்றதும் உடம்பைக் குளிரவைக்கும். உள்ளே மெல்லிய பொலியெஸ்ரர் அல்லது மெரினோ கம்பளி, நடுவில் பிளீஸ் (மென்மயிர் செயற்கைத் துணி), வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கெற்றும் சினோபான்ற்ஸும் (பனிக்கான காற்சட்டை) போதும்.

பூட்ஸில்தான் பலர் தவறுகிறார்கள். குளிருமே என்று இரண்டு சோடி மேஸ் (காலுறை) போட்டுக் காலை உள்ளே திணித்தால் இரத்த ஓட்டம் குறையும், சூடான காற்று நிற்க இடமும் இருக்காது. விரல் இன்னும் விறைக்கும். ஒரு சோடி தடித்த கம்பளி மேஸ், பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரலகல இடைவெளி. உள்ளுறையைக் கழற்றக்கூடிய பூட்ஸ் என்றால் இரவே உருவிக் காயவைக்கலாம். முதல்நாள் ஈரத்தோடு போட்ட பூட்ஸுக்கு எந்த மேஸும் உதவாது.

போடும் வரிசையும் முக்கியம். முதலில் கழிப்பறை. பிறகு சினோபான்ற்ஸ், பூட்ஸ், நெக்வோமர் (கழுத்தை மூடும் உறை), தொப்பி, ஜாக்கெற், கடைசியில் மிற்றன். ஜாக்கெற்றை முதலில் மாட்டிவிட்டால் பிள்ளையால் குனிந்து பூட்ஸ் போட முடியாது. ஜாக்கெற்றைத் தானே போட இப்படிப் பழக்குங்கள்: உட்பக்கம் மேலே தெரிய நிலத்தில் விரியுங்கள், கழுத்துப் பக்கம் பிள்ளையின் கால்விரல்களை ஒட்டி இருக்கட்டும். அவன் குனிந்து இரு கைகளையும் நுழைத்து, தலைக்கு மேலால் பின்னுக்கு வீச, ஜாக்கெற் முதுகில் வந்து விழும். இரண்டு மூன்று நாளில் பிடித்துக்கொள்வான். தானே உடுத்திய பிள்ளை வெளியே போகத் தயங்குவதும் குறையும்.

நீளமான சால்வை வேண்டாம். ஊஞ்சலிலோ சறுக்கிலோ சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். நெக்வோமர் பாதுகாப்பானது.

எந்தக் குளிர்வரை விடலாம்? எங்கள் பிள்ளைகளின் தோல் நிறத்தில் உறைபனிக் காயம் (குளிரில் தோல் உறைவது) தெரியுமா? – பிரம்டனிலிருந்து ஒரு தந்தை

வெப்பநிலை மைனஸ் 25 பாகைக்குக் கீழே போனால், அல்லது காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் விண்ட்சில் மைனஸ் 28ஐத் தொட்டால், பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளும்படி கனடியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் சொல்கிறது. மைனஸ் 15ஐத் தாண்டும் நாட்களில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே கூப்பிட்டு கன்னம், காது, விரல்களைத் தொட்டுப் பாருங்கள்.

தொட்டுப் பார்ப்பதுதான் முக்கியம். வெண்மை, சிவப்பு என்று புத்தகங்கள் சொல்லும் அடையாளம் மாநிறத் தோலில் தெளிவாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சாம்பல் படர்ந்து, மெழுகுபோல் மினுங்கி, தொட்டால் மரத்துக் கடினமாக இருந்தால் உடனே உள்ளே கொண்டுவாருங்கள். தேய்க்காதீர்கள், பனியை வைத்து ஒருபோதும் உரசாதீர்கள். விரல்களைச் சுடாத, இளஞ்சூடான நீரில் வையுங்கள். கன்னத்துக்கு உங்கள் உள்ளங்கை போதும். கொப்புளம் வந்தாலோ உணர்ச்சி திரும்பாவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

பேரப்பிள்ளைகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசித்தான் அனுப்புகிறேன். ஆனாலும் தடிமன் (சளி) பிடிக்குமே என்று பயம். – மார்க்கம் நகரிலிருந்து ஒரு அம்மம்மா

அம்மா, எண்ணெய் வரட்சிக்கு நல்லது. குளித்த பிறகு தாராளமாகப் பூசுங்கள். ஆனால் உறைபனிக் காயத்தை அது தடுக்காது. பூசியிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் முகத்தை மூடாமல் விடுவதுதான் ஆபத்து. தடிமன் வைரஸால் வருவது. ஜன்னல் திறக்காத அறையில் பலர் சேர்ந்திருக்கும்போதுதான் அது சுலபமாகத் தொற்றும். தலை ஈரமாக இருந்தால் மட்டும் உலர்த்திவிட்டு அனுப்புங்கள். இளைப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைக்குக் குளிர்காற்று இளைப்பைத் தூண்டலாம். நெக்வோமரை மூக்குவரை இழுத்துவிட்டு, பம்பை (மூச்சிழுக்கும் மருந்துக் குழல்) பற்றி மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள்.

வெயில் படுகிறதே என்று விற்றமின் டி துளியை நிறுத்திவிட வேண்டாம். ரொறன்ரோவின் நடுக்குளிர்கால வெயிலில் தோல் அதைப் போதிய அளவு உற்பத்தி செய்யாது.

பள்ளிக்கூடம் விட்டு வீடு வந்ததும் இருட்டிவிடுகிறது. எப்போது, என்ன விளையாடுவது? – ஏஜக்ஸிலிருந்து ஒரு தாய்

டிசம்பரில் மாலை 4.40 அளவில் சூரியன் மறைகிறது. அதனால் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே பூங்காவுக்குப் போங்கள். வீட்டுக்குள் வந்து பூட்ஸைக் கழற்றிய பிள்ளையைத் திரும்ப வெளியே கிளப்புவது மிகக் கடினம். பையில் ஒரு வாழைப்பழமும், பிளாஸ்கில் இளஞ்சூடான மைலோவும் இருந்தால் அரை மணி நேரம் நிற்பார்கள். காரில் போவதென்றால் தடித்த ஜாக்கெற்றோடு காரிருக்கையில் கட்டாதீர்கள்; மோதலில் ஜாக்கெற் அமுங்கி வார் தளர்ந்துவிடும். வாரை இறுக்கிய பிறகு ஜாக்கெற்றை மேலால் போர்த்திவிடுங்கள்.

விளையாட்டைப் பனி தீர்மானிக்கட்டும். பூச்சியத்தை ஒட்டிய நாளில் விழும் பனி ஈரமானது; பிடித்தால் பிடிபடும், பனிமனிதன் செய்ய அதுவே தோது. மைனஸ் 10இல் மாவுபோல் உதிரும். அன்று உருண்டை பிடிக்க முயன்றால் அலுத்துவிடும். சறுக்கவும், முயல், அணில் காலடித்தடம் தேடவும் விடுங்கள். சறுக்கும்போது தலைக்கவசம் அவசியம். பனியைக் குடைந்து சுரங்கம் செய்ய விடாதீர்கள். இடிந்தால் மூச்சு அடைத்துவிடும். வீதியோரப் பனிக்குவியல் பக்கமே போகக் கூடாது. பனி தள்ளும் வண்டிச் சாரதிக்கு அதன் பின்னால் இருக்கும் பிள்ளை தெரியாது.

சிறு பிள்ளைகளுக்குப் பனியில் கோலம் போடக் கொடுத்துப் பாருங்கள். பனியைப் பலகையால் தட்டி மட்டமாக்கி, தடியால் ஒரு சாண் இடைவெளியில் புள்ளி குத்துங்கள். வாய் ஒடுங்கிய சோஸ் போத்தலில் அரை லீற்றர் குளிர்நீருக்கு 10 துளி உணவுச் சாயம் கலந்தால் போதும்; அதைப் பீய்ச்சிப் புள்ளிகளைச் சுற்றிக் கோடு இழுக்கலாம். சுடுநீர் என்றால் கோடு விழாது, குழிதான் விழும். சாயம் துணியில் ஒட்டும். அன்றைக்குப் பழைய மிற்றனைப் போட்டுவிடுங்கள்.